ஃபோமா, ஜெல்லா, காற்றா? வீல்சேர் குஷன் வாங்கும் முன் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்

இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டையில், பக்கவாதம் வந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வள்ளியூர்ப் பக்கம், பைக் விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட பையனின் அப்பா. உடன்குடிக்கு அந்தப்புறம், பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன ஒருவர். வீல்சேரில் போட எந்த குஷன் வாங்கலாம், ஃபோம் போதுமா, ஜெல்லா, காற்றா என்பதுதான் கேள்வி.

நான் டாக்டரும் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. என் அண்ணன் திசையன்விளைப் பக்கம் பனையேறிக்கொண்டிருந்தவன். பதனீர்க் காலத்தில் ஒரு நாள் விடிகாலை, மட்டை வழுக்கி விழுந்தான். பதினோரு வருஷம் ஆகிறது. இதற்குள் எங்கள் வீட்டுக்கு ஐந்து குஷன் வந்துவிட்டது. இரண்டு முறை புண்ணும் வந்தது. முதல் புண், குஷனைச் சோதிக்கத் தெரியாததால் வந்தது. இரண்டாவது, தெரிந்தும் சோதிக்காததால் வந்தது. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது, எனக்கு.

## முதலில் கை

அண்ணனுக்கு முதலில் கிடைத்தது முகாமில் கொடுத்த மடக்கு வீல்சேர். அதன்மேல் போட, திருநெல்வேலியில் சோபா தைக்கும் கடை ஒன்றில் நாலு அங்குல ஃபோம் வெட்டி, ரெக்சின் உறை போட்டு வாங்கினேன். கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி, “அஞ்சு வருஷம் அசையாது சார்” என்றார். நானும் அதில் உட்கார்ந்து பார்த்தேன்; சுகமாகத்தான் இருந்தது. உணர்ச்சி உள்ள உடம்பை வைத்து, உணர்ச்சி இல்லாத உடம்புக்கு குஷன் வாங்கிவிட்டு வந்தேன்.

எட்டாவது மாதம் குளிப்பாட்டும்போது மைனி (அண்ணன் மனைவி), வலப்பக்கம் உட்காரும் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் கறுத்திருப்பதைப் பார்த்தார். தழும்பு என்று விட்டுவிட்டோம். பத்து நாளில் தோல் உரிந்தது. பார்க்க வந்த பிசியோதெரபிஸ்ட், அண்ணனை ஒரு நிமிஷம் மட்டும் சேரில் உட்கார வைத்து, குஷனுக்கும் சேருக்கும் நடுவே என் கையை விடச் சொன்னார், உள்ளங்கை மேலே பார்க்க. விட்டேன். அந்த நாலு அங்குல ஃபோமைத் தாண்டி எலும்பு என் உள்ளங்கையில் கொட்டைப்பாக்கு மாதிரி உட்கார்ந்தது. மேலே அது அழுத்திய இடத்தில்தான் புண்.

படகு தரைதட்டுவது போல எலும்பு குஷனுக்குள் இறங்கித் தரைதட்டிவிடும். அதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார வையுங்கள், காலை ஃபுட்ரெஸ்டில் வைத்து. குஷனுக்கு அடியில் கையை நுழைத்து, உட்காரும் எலும்பு இரண்டுக்கும் நேர் கீழே கொண்டு போங்கள். அப்படியே வால் எலும்புப் பக்கமும் ஒரு தடவை. எலும்புக்கும் உங்கள் கைக்கும் நடுவில் குறைந்தது ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ., அமுங்காத மெத்தை மிச்சம் இருக்கவேண்டும். எலும்பின் முனை தட்டுப்பட்டால் அந்த குஷன் அவருக்கு ஆகாது, விலை என்னவாக இருந்தாலும்.

உட்கார்ந்த உடனே சோதித்தால் ஏறக்குறைய எல்லா ஃபோமும் பாஸாகிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். காற்று குஷனுக்குச் சோதனை வேறு மாதிரி. அது பின்னால் வருகிறது.

இரண்டாவது சோதனை தோலில். ராத்திரி கட்டிலில் படுக்க வைத்த பிறகு, கண்ணாடியிலோ செல்போன் படத்திலோ அந்த இடத்தைப் பாருங்கள். சிவந்திருக்கிறதா பாருங்கள் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரிகிறது? சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, விரலுக்கு இறுகலாகவோ பொதபொதவென்றோ படுகிறதா என்று பார்க்கவேண்டும். இந்த அடையாளம் அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டால் சரி. மறையவில்லை என்றால் தோல் பழையபடி ஆகும்வரை அந்த இடத்தின்மேல் உட்காரக் கூடாது. தோல் உடைந்துவிட்டது, நாற்றம் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் குஷன் விசாரிக்கும் நேரம் அல்ல அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, உட்காருகிறவருக்கு அங்கே உணர்ச்சி இருக்கிறதா, தானாக அசைந்து உட்கார முடியுமா என்பது. நாம் சினிமா பார்க்கும்போதுகூட நம்மை அறியாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்கிறோம். அந்த அசைவு இல்லாதவருக்கு எலும்புக்கும் குஷனுக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்தம் போகாமல் உள்ளேயே சாகத் தொடங்கும். எலும்பை ஒட்டித் தொடங்கிய காயம் மேல் தோலுக்கு வர நாளாகும். வெளியே காசளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குக்கூட இருக்கலாம்.

எந்த குஷன் வாங்கினாலும் 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு முறை பாரத்தை மாற்றியே ஆகவேண்டும். கையை ஊன்றி எழும்பிப் பத்து எண்ணிவிட்டு உட்காருவது பலருக்கும் பழக்கம், அது போதாது. நசுங்கின இடத்தில் ரத்தம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிஷம் வேண்டும், அவ்வளவு நேரம் கையில் தொங்க யாரால் முடியும்? முன்னால் குனிந்து முழங்கையைத் தொடையிலோ மேசையிலோ ஊன்றி இரண்டு நிமிஷம் இருப்பது மேல். தோள்பட்டையும் தப்பிக்கும்.

இரண்டாவது கேள்வி, தினமும் அந்த குஷனைச் சோதிக்கப்போவது யார் என்பது. எந்தக் கடையிலும் இதைக் கேட்கமாட்டார்கள். என்னைக் கேட்டால், குஷனைத் தேர்ந்தெடுப்பதில் பாதி இந்தக் கேள்விதான்.

மூன்றாவது, இடுப்பு நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, கட்டிலிலிருந்து சேருக்கு எப்படி மாறுகிறார் என்பது. அப்புறம் வியர்வை, மூத்திரக் கசிவு, நம் ஊர் வெயில். காசு கடைசியில். கடைசியில் என்று எழுதுவது எளிது. ஆனால் ஒரு புண் வந்தால் குப்புறப் படுத்தே கிடக்கும் மாதங்கள், மருந்துத் துணி, ஆஸ்பத்திரிக்குக் கார் வாடகை, கூட இருப்பவரின் கூலி எல்லாம் சேர்ந்து எந்த குஷனின் விலையையும் தாண்டிவிடும். எங்களுக்குத் தாண்டியது.

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 232 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. எல்லோருக்கும் உடம்புக்குப் பொருத்தமான வீல்சேர் கொடுத்து, பாதிப் பேருக்குச் சாதாரண ஃபோம், மீதிப் பேருக்குத் தோலைக் காப்பதற்கென்றே செய்த காற்று, ஜெல், திரவ வகை குஷன்கள் கொடுத்தார்கள். உட்காரும் எலும்பில் புண் வந்தவர்கள் ஃபோமில் 6.7 சதவீதம், மற்றதில் 0.9 சதவீதம். சாதாரண ஃபோமுக்கும் நல்ல குஷனுக்கும் உள்ள தூரத்தை இது காட்டுகிறது. காற்றா ஜெல்லா என்ற நம் சண்டையை மட்டும் இது தீர்க்காது.

## ஃபோம்

சோபாக் கடை ஃபோமும் வீல்சேருக்கென்று வரும் ஃபோமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நல்லதில் அடியில் கெட்டி ஃபோம், மேலே மெத்தென்ற ஃபோம் என்று இரண்டு அடுக்கு இருக்கும். தொடைக்கு வாகாகக் குழித்து, உட்காரும் எலும்பு வரும் இடத்தில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். பாரம் எலும்பிலிருந்து தொடைக்குப் போகும்.

எடை குறைவு. பஞ்சர் ஆகாது. அசையாமல் நிற்கும், அதனால் உடம்பு ஆடுகிறவருக்கும், வழுக்குப் பலகை போட்டுக் கட்டிலுக்கு மாறுகிறவருக்கும் சௌகரியம். தினசரி வேலை ஒன்றும் இல்லை.

ஆனால் ஃபோமுக்கு வயசாகிறது, அதுவும் சத்தமில்லாமல். காற்றுப் போனால் தெரியும், ஜெல் ஒதுங்கினால் தெரியும். ஃபோம் மேலே பார்க்கப் புதிதுபோல இருந்துகொண்டே உள்ளே செத்துவிடும். தினமும் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன். மாதம் ஒரு முறை கை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க யாரும் உட்காராமல் இருந்த குஷனில் காலையிலும் பள்ளம் அப்படியே இருந்தால் மாற்றிவிடவேண்டியதுதான்.

மெமரி ஃபோம் என்று விற்பது சூட்டில் இளகும், குளிரில் இறுகும் ரகம். பாளையங்கோட்டைக் கத்திரி வெயிலில், ஓட்டு வீட்டில், மதியம் இரண்டு மணிக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஏசி ஷோரூமில் அமுக்கிப் பார்த்தது வேறு பொருள். மெமரி ஃபோம் மேலே ஓர் அங்குலம், அடியில் கெட்டி ஃபோம் என்றால் சரி. முழுக்க அதுவே என்றால் வேண்டாம்.

மூத்திரம் ஒரு முறை உள்ளே இறங்கினால் ஃபோமைத் துவைத்துக் காயப்போட்டு மீட்பது கஷ்டம். உள்ளே ஒரு நீர்புகா உறை, மேலே நாலு பக்கமும் இழுபடும் துணி உறை என்று இரண்டு வேண்டும். ரெக்சின் உறையைக் கழற்றிப் போடுங்கள். அது இழுபடாது, எலும்பு இறங்கவேண்டிய இடத்தில் தோல் பறை மாதிரி விறைத்து நின்று, ஃபோம் செய்யும் வேலையைக் கெடுத்துவிடும். வியர்வையும் போக வழியில்லை. துண்டை நாலாக மடித்துக் குஷன்மேல் போடுவதும் இதே தப்புதான்.

இலவம்பஞ்சில் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தலைக்கு அதைப்போலச் சுகம் இல்லை. உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் கட்டி கட்டியாகிவிடும்.

ஃபோம் பொருந்துவது: உணர்ச்சி இருக்கிறவர், தானாக அசைந்து உட்காருகிறவர், நாளுக்கு மூன்று நாலு மணி நேரம் மட்டும் உட்காருகிறவர். அது தவிர, காற்று குஷன் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் மாற்றுக்கு ஒன்று.

## ஜெல்

இதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் ஜெல் என்ற பேரில் பத்துப் பொருள் விற்கிறது. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும் நீல நிறப் பொருள் ஆபீஸ் நாற்காலிக்கானது. வீல்சேரில் நாள் முழுக்க உட்காருகிறவருக்கு அதை வாங்காதீர்கள். உருப்படியான ஜெல் குஷன் என்றால் அடியில் உடம்புக்கு வாகாக வார்த்த கெட்டி ஃபோம், அதன்மேல் இடுப்பு எலும்பு வரும் இடத்தில் கெட்டித் திரவம் அடைத்த பை.

உட்கார்ந்த உடனே குளுகுளுவென்று இருக்கும். அது கொஞ்ச நேரத்துக்குத்தான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்புச் சூட்டை எட்டிவிடும். வெயிலில் விட்ட சேரிலும் மூடிய காரிலும் ஜெல் நன்றாகக் கொதித்திருக்கும். சூடு தெரியாத தோல் அதன்மேல் உட்கார்ந்தால் கொப்புளம் வரும். உட்காருமுன் உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

எடை அதிகம். ஜெல் குஷன்கள் மூன்று நாலு கிலோகூட இருக்கும். பஸ்ஸில் ஏற்றும்போது சேரைத் தூக்குகிறவருக்கும், குஷனை எடுத்து உறை மாற்றும் வயசான ஆளுக்கும் அந்த எடை தெரியும். பையில் உள்ள திரவம் நாளாவட்டத்தில் எலும்புக்கு அடியிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். தினமும் காலையில் பரோட்டா மாவு பிசைகிற மாதிரி பிசைந்து நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். அண்ணனுக்கு இரண்டாவதாக வாங்கியது ஜெல்தான். பிசையவேண்டும் என்று விற்றவர் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் 32 என்ற கணக்கு: “அழுத்தம் 32க்கு மேல போகாது சார், புண்ணே வராது.” அந்த 32 மி.மீ. பாதரசம் 1930இல் விரல் நுனி ரத்தநாளத்தில் அளந்து சொன்னது. உட்காரும் எலும்புக்கு அடியில் நசுங்கும் சதைக்கு அதை எல்லைக்கோடாகப் போட முடியாது. யாராவது அந்த எண்ணைச் சொல்லி விற்றால் கேட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

ஜெல்லுக்கு இடம் இருக்கிறது. ஒரு பக்கம் சாய்கிறவர், நிலையாக உட்காரவேண்டியவர், சேரைத் தூக்கி இறக்கும் வேலை இல்லாத வீடு, காலையில் பிசைய ஒரு கை. இவ்வளவும் இருந்தால் நல்ல தேர்வுதான்.

## காற்று

முட்டை அடுக்கும் அட்டையைக் கவிழ்த்த மாதிரி வரிசை வரிசையாகக் கறுப்பு ரப்பர்க் குமிழ்கள். 1970களில் வந்த ரோஹோ என்ற பிராண்டுதான் இதில் பேர் பெற்றது. அதே சாயலில் மற்றவர்களும் செய்கிறார்கள். குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எலும்பு இறங்கும் இடத்துக் காற்று பக்கத்துக் குமிழ்களுக்குப் போய், உடம்பைச் சுற்றிலும் அணைத்துக்கொள்ளும். உணர்ச்சி இல்லாத தோலுக்கு இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. எடையும் இரண்டு கிலோ வராது. மூத்திரம் பட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்தால் முடிந்தது.

எல்லோரும் செய்யும் தப்பு, சைக்கிள் டயர் மாதிரிக் கல்லென்று காற்றடிப்பது. அப்படி அடித்தால் உடம்பு உள்ளே இறங்காமல் குமிழ்களின் தலையில் பந்துமேல் போல நிற்கும். பாரம் முழுக்க எலும்பில். முதலில் கொஞ்சம் அதிகமாகவே அடித்துக்கொள்ளுங்கள். ஆளை வழக்கம்போல் உட்கார வையுங்கள். இப்போது கை போவது குஷனுக்கு மேலே, உடம்புக்கும் குமிழுக்கும் நடுவில். தொடையை லேசாகத் தூக்கினால் எலும்பு கைக்கு அகப்படும். காலை மறுபடி இறக்கிவிட்டு, ஆகக் கீழே இருக்கும் எலும்பின் அடியில் விரலை வையுங்கள். வால்வைத் திறந்து காற்றை விடுங்கள். விரல் நுனிகளை மட்டும் கொஞ்சமாக அசைக்க முடிகிற அளவு, அதாவது அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம், மிச்சம் இருக்கும்போது மூடுங்கள். விரலே அசையவில்லை என்றால் காற்றுப் போதாது. கை தாராளமாகப் போய்வந்தால் அதிகம். எழுதினால் நீளம், பழகினால் இரண்டு நிமிஷம்.

இந்த இரண்டு நிமிஷத்தைத் தினமும் கொடுக்க முடிந்தால்தான் காற்று குஷன். எங்கள் வீட்டில் மைனி கொடுத்தார், மூன்று வருஷம் ஒரு நாள் விடாமல். தங்கச்சி மகள் சடங்குக்கு ஒரு வாரம் பிறந்த வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் இரண்டு நாள் பார்த்தேன், மூன்றாம் நாள் விருந்தாள் வந்தது, நாலாம் நாள் மறந்தது. எங்கள் பக்கம் தேரிக்காடு. ஆடிக் காற்றில் செம்மண் பறந்து சோற்றில்கூட விழும். வால்வின் வாயில் அந்த மண் ஒட்டி, காற்று மெல்ல மெல்லக் கசிந்திருக்கிறது. ஆறாம் நாள் மைனி வந்து கையை விட்டவர் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார். காற்று இல்லாத காற்று குஷன், சோபா ஃபோமைவிட மோசம். அரை அங்குல ரப்பர், அதற்கு அடியில் பலகை. அவ்வளவுதான்.

அந்தப் புண் ஆற நாலு மாதம். கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே அண்ணன் சொன்னான்: “ஏல, ஒன்ன நம்பியும் வேண்டாம், அவள நம்பியும் வேண்டாம். என் குண்டிக்கு அடியில கைய விட எனக்கு என்ன தடங்கலு?” உண்மைதான். முப்பது பனை ஏறி இறங்கிய கை அது. இடுப்புக்குக் கீழே போயிற்றே தவிர மேலே ஒரு குறையும் இல்லை. இத்தனை வருஷம் அவன் கையை விட்டுவிட்டு மற்ற கையையெல்லாம் தேடிக்கொண்டிருந்தோம். இப்போது காலையில் காப்பிக்கு முன்னால் அவனே சோதித்துவிடுகிறான்.

வேறு தொல்லைகளும் உண்டு. சீட் ஆடும்; உடம்பு பிடிமானம் இல்லாதவருக்குப் பயம் வரும், சேரிலிருந்து இறங்கும்போது ஊன்றிக்கொள்ள இடம் இருக்காது. உடைமுள் சாரத்தில் (கைலியில்) ஒட்டிக்கொண்டு வந்து குத்தும். பஞ்சர் ஒட்டும் பொருளைக் குஷனோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. மலை ஏறினால் காற்று விரியும்: மாஞ்சோலைக்கோ கொடைக்கானலுக்கோ போனால் குஷன் கல்லாகும். அங்கே காற்றை விட்டுவிட்டு அப்படியே கீழே இறங்கினால் தரைதட்டும். மேலே போனதும் ஒரு சோதனை, கீழே வந்ததும் ஒரு சோதனை.

பிளாஸ்டிக்கில் சதுரம் சதுரமாக, வாயால் ஊதிக்கொள்ளும்படி மலிவாக விற்கும் காற்று குஷன் இதோடு சேர்த்தி இல்லை. அண்ணனுக்கு மூன்றாவதாக வாங்கியது அதுதான். ஓரத் தையல் விட இரண்டு மாதம் ஆகவில்லை.

## கலப்பும், வாங்கவே கூடாததும்

அடியிலும் தொடைப் பக்கமும் கெட்டி ஃபோம், பின்னால் எலும்பு வரும் இடத்தில் மட்டும் காற்றுக் குமிழ் என்று கலந்தும் வருகிறது. ஆட்டம் குறைவு, அணைப்பு உண்டு. கழுத்துப் பக்கம் அடிபட்டு உடம்பு நிற்காதவர்களுக்கு நல்ல வழி. ஆனால் அளவு சரியாக அமையவேண்டும். பள்ளம் ஒரு இடம், எலும்பு ஒரு இடம் என்றால் காசு வீண். காற்றுச் சோதனையும் இதற்கு உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

நடுவில் ஓட்டையோடு வளையமாக வரும் ரிங் குஷனை மட்டும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள சதையை அது இறுக்கி, நடுவுக்கு ரத்தம் வருவதைக் கெடுக்கும்.

| | ஃபோம் | ஜெல் | காற்று |
|---|---|---|---|
| உணர்ச்சி இல்லாத தோலுக்கு | சுமார் | நல்லது | மிக நல்லது |
| உட்கார்ந்தால் நிலைப்பு | நல்லது | மிக நல்லது | குறைவு |
| தினசரி வேலை | இல்லை | பிசையவேண்டும் | காற்றுச் சோதனை |
| எடை | குறைவு | அதிகம் | குறைவு |
| மூத்திரம் பட்டால் | கெடும் | அடி ஃபோம் கெடும் | கழுவலாம் |
| மறைந்திருக்கும் செலவு | வருஷாவருஷம் புதிது | தூக்கும் கூலி | ஒரு ஆளின் கவனம் |

## குஷன்மேல் பழி போடுமுன்

மடக்கு வீல்சேரின் ரெக்சின் சீட் நாளாக நாளாகத் தொட்டில் மாதிரி தொங்கிவிடும். அதன்மேல் எதைப் போட்டாலும் அதுவும் தொங்கும். தச்சாசாரியிடம் சொல்லி சீட் அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை, ஓரம் மழித்து, நகராமல் கட்டிக்கொள்ளும்படி செய்து வாங்குங்கள். எங்களுக்குக் குஷன் மாற்றியதில் வந்த பலனில் பாதி இந்தப் பலகையிலும் வந்தது.

குஷன் தடிப்பு மாறினால் ஃபுட்ரெஸ்ட் உயரத்தையும் மாற்றவேண்டும். ஃபுட்ரெஸ்ட் அதிகம் மேலே இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு, தொடை தாங்கவேண்டிய பாரமும் எலும்புக்கே போகும். தொடையின் முன்பாதிக்கு அடியில் கையை நுழைத்தால் இறுக்கமாகப் போகவேண்டும்.

அப்புறம் சாரம். ஒரு முறை அண்ணன் தோலில் கோடு போட்டது போல ஒரு தடம். குஷனில் கை வைத்துப் பார்த்தோம், காற்றுச் சரியாக இருந்தது; இரண்டு நாள் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் மூட்டிய சாரத்தின் தையல், மடிப்போடு, நேராக எலும்புக்கு அடியில். இப்போது உட்கார்ந்ததும் தையலை முன்னால் திருப்பிவிட்டுக்கொள்கிறான். பேண்ட் போடுகிறவர்கள் பின்பாக்கெட்டில் பர்ஸ், சாவி வைக்காதீர்கள். முடிந்தால் பாக்கெட்டையே பிரித்துவிடுங்கள்.

## மூன்று பேருக்கும் சொன்னது

வாத்தியார் வீட்டம்மாவுக்கு உணர்ச்சி கொஞ்சம் இருக்கிறது. இடப்பக்கம் சாய்கிறார். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் சேர். வாத்தியாருக்கே எழுபதைத் தாண்டிவிட்டது, குனிந்து காற்றுச் சோதிக்கச் சொல்வது நியாயமில்லை. வார்த்த ஃபோம்மேல் மெல்லிய ஜெல் பை வைத்தது வாங்கச் சொன்னேன், எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு.

வள்ளியூர்ப் பையனுக்கு எதையும் ஆன்லைனில் வாங்கவேண்டாம் என்றேன். கையும் முழுதாக வேலை செய்யவில்லை, உடம்பும் நிற்கவில்லை. அவனுக்கு குஷனையும் சேரையும் சேர்த்தே பார்த்து முடிவு செய்யவேண்டும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்துக்குப் போகச் சொன்னேன். தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய இடம் அது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். எனக்குத் தோன்றுவது கலப்பு வகை. ஆனால் அது அங்கே அவனை உட்கார வைத்துப் பார்த்துச் சொல்லவேண்டியது. அரை மணிக்கு ஒரு முறை அவனை முன்னால் சாய்த்துப் பிடிப்பது அப்பாவின் வேலை. அதற்கு மாற்றாக எந்தக் கடையிலும் எதுவும் விற்கவில்லை.

உடன்குடிக்காரருக்குக் காற்று. உணர்ச்சி இல்லை, நாள் முழுக்க உட்காருகிறார், கையில் பலம் இருக்கிறது. அண்ணன் மாதிரியே. காசு சேரும்வரை என்ன செய்ய என்று கேட்டார். மலிவுப் பிளாஸ்டிக்குக்குப் போகாதீர்கள், இரண்டு அடுக்கு நல்ல ஃபோம், துணி உறை, அடியில் பலகை. உட்காரும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள் என்றேன். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டையோடு மனுக் கொடுக்கும்போது வீல்சேர் என்று மட்டும் எழுதாமல், குஷனையும் தனியாக எழுதச் சொன்னேன். எந்த குஷன் வந்தாலும் முதல் நாளே முழு நாளும் உட்காரவேண்டாம்: ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இறங்கி, தோலைப் பார்த்து, சரியாக இருந்தால் அடுத்த நாள் ஒன்றரை.

இப்போது இருக்கும் குஷனில் முதலில் கையை விட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

“அண்ணாச்சி, கைய விட்டேன். தட்டுது.”

“எப்ப ஏறி உக்காந்திய?”

“இப்பந்தான். பத்து நிமிசம் இருக்கும்.”

“அப்போ முதல்ல கட்டிலுக்கு மாறும். மத்தத அப்புறம் பேசுவோம்.”